குகைக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி யார்கிட்ட சொல்லிட்டுப் போறீங்க?

கைடு இல்லாம ஒரு குகைக்குப் போகணும்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, முதல்ல கைடுன்னு ஒருத்தர் என்னதான் பண்றாருன்னு யோசிங்க. வழி காட்டறாரு, அது ஒண்ணு. ஆனா நேத்து மேல மலையில மழை பெஞ்சுதா, எந்த மாசத்துல உள்ள தண்ணி ஏறும், கூட்டத்துல யாருக்கு மூச்சு வாங்குது, யாரு பயத்தை வெளிய காட்டாம சிரிச்சு மழுப்பறாங்க, இதெல்லாம் அவர் கண்ணுல படும். "போதும், திரும்பலாம்"னு சொல்ற வாயும் அவரோடதுதான். அதுக்கும் மேல, ராத்திரி அவர் வீடு திரும்பலன்னா எங்க போய்த் தேடணும்னு தெரிஞ்ச ஆளுங்க வெளிய இருக்காங்க. கைடு வேண்டாம்னு சொல்றப்ப இந்த அத்தனை வேலையையும் நீங்க உங்க தலையில தூக்கி வெச்சுக்கறீங்க. மேப் டவுன்லோட் பண்ணிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்கறவங்கதான் மாட்டிக்கறாங்க.

நான் பெரிய எக்ஸ்பர்ட் எல்லாம் இல்லைங்க, கொஞ்ச வருஷமா நாலஞ்சு பேரா சேர்ந்து போயிட்டு வர்ற ஆளு, ரெண்டு தடவை முட்டாள்தனம் பண்ணி அதிர்ஷ்டத்துல வெளிய வந்தவன். இதுவரைக்கும் குகையே பார்க்காதவங்களுக்காகத்தான் எழுதறேன். இதுல நிறைய விஷயம் குகைக்கு வெளிய நடக்கறதுதான், ஏன்னா உள்ள போனதுக்கப்பறம் முடிவு பண்ண பெருசா ஒண்ணும் மிச்சம் இருக்காது.

முதல்ல, எந்தக் குகைக்குப் போகக்கூடாதுன்னு பாருங்க

கயிறு கட்டி இறங்க வேண்டிய குகை எதுவா இருந்தாலும் அது உங்களுக்கு இல்ல. கயித்துல இறங்கறது ஈசி, எல்லாரும் இறங்கிருவாங்க, அதே கயித்துல ஏறி வர்றதுக்கு தனி கருவி, தனி பயிற்சி வேணும். வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டு இருபது மீட்டர் குழிக்கு அடியில நின்னு மேல பார்க்கறப்பதான் அது உறைக்கும். அதே மாதிரி தண்ணி கூரை வரைக்கும் முட்டிக்கிட்டு நிக்கற இடம். மூச்சைப் பிடிச்சு ரெண்டே மீட்டர் முங்கினா அந்தப் பக்கம் போயிரலாம்னு எவனாவது சொல்லுவான், சொல்றவனை முதல்ல போகச் சொல்லுங்க, இல்ல வேண்டாம், அவனையும் விடாதீங்க. கடலோரக் குகைன்னா அலை ஏற்ற நேரம் தெரியாம காலே வைக்காதீங்க. பனிப்பாறைக் குகை வருஷத்துக்கு வருஷம், சில சமயம் வாரத்துக்கு வாரம் மாறும், வெயில் காலத்துல கூரையே விழும். அதுக்கு உள்ளூர் ஆள் இல்லாம போகவே போகாதீங்க, இந்தக் கட்டுரை அதுக்குப் பத்தாது.

புதுசா போறவங்களுக்கு ஏத்ததுன்னா, கிடையா போற குகை, நடந்தோ குனிஞ்சோ போகற வழி, ஒரே பெரிய பாதை, நெறைய பேர் ஏற்கனவே போயிட்டு வந்து அளந்து வரைபடம் போட்டது. சுண்ணாம்புப் பாறைக் குகையாவோ, எரிமலைக் குழம்பு ஓடி உண்டான குழாய்க் குகையாவோ இருக்கலாம். ரெண்டாவது வகையில பெரும்பாலும் வழி தப்பறது கம்மி, ஆனா தரை ரம்பம் மாதிரி இருக்கும், கையுறை இல்லாம விழுந்தா உள்ளங்கை போச்சு.

அப்பறம் பர்மிஷன். குகை யாரோ ஒருத்தர் நிலத்துலயோ வனத்துறை இடத்துலயோதான் இருக்கும். வாசல்ல கேட் போட்டு பூட்டிருந்தா அதுக்குக் காரணம் இருக்கு, வௌவால் குட்டி போடற காலமா இருக்கலாம், முன்னாடி யாராவது உள்ள செத்திருக்கலாம். பிரான்ஸ்ல லாஸ்கோ குகையை 1963ல டூரிஸ்டுகளுக்கு மூடினது ஆபத்துன்னு இல்ல, வந்து போறவங்க விட்ட மூச்சுக்காத்தே பல ஆயிரம் வருஷத்து ஓவியத்தைக் கெடுக்க ஆரம்பிச்சிருச்சுன்னுதான். கேட்டுட்டுப் போறதுல இன்னொரு லாபம் இருக்கு, அந்த நிலத்துக்காரருக்கோ அந்த ஆபீஸுக்கோ நீங்க உள்ள இருக்கீங்கன்னு தெரியும், போன வாரம் உள்ள கல் சரிஞ்சுதுங்கற மாதிரி நியூஸும் அவங்ககிட்டதான் கிடைக்கும்.

வெளிய இருக்கற ஆள்

இது ஒண்ணை மட்டும் படிச்சிட்டு மீதியை விட்டாக்கூட பரவால்ல. 1925 ஜனவரி 30ஆம் தேதி அமெரிக்காவுல கென்டக்கியில ஃபிளாய்ட் காலின்ஸ்னு ஒருத்தர் சேண்ட் கேவ்ங்கற குகைக்குள்ள தனியா போனாரு. சின்ன வயசுலேருந்து குகையிலேயே கிடந்த மனுஷன், அந்த ஊர் குகைங்க எல்லாம் அவருக்கு அத்துப்படி. திரும்பி வர்றப்ப விளக்கு போச்சு, இருட்டுல தவழ்ந்தப்ப ஒரு கல்லு உருண்டு கால்ல மாட்டிக்கிச்சு. பாறைன்னதும் பெருசா கற்பனை பண்ணாதீங்க, பன்னெண்டு கிலோ சுமாருக்குத்தான் இருந்துச்சு அது. ஆனா படுத்த நிலையில கை கீழ எட்டாது. அவர் கிடந்த இடம் வாசல்லேருந்து அம்பது மீட்டர்கூட இல்ல. அடுத்த நாள் ஆளுங்க தேடி வந்து கண்டுபிடிச்சாங்க, பேசினாங்க, சாப்பாடு கொடுத்தாங்க, நாடே பேப்பர்ல படிச்சிட்டு இருந்துச்சு, வெளிய மட்டும் எடுக்க முடியல. ரெண்டு வாரம் கழிச்சு உசுரு போச்சு. கூட ஒருத்தர் இருந்திருந்தா அந்தக் கல்லை அப்பவே கால்லேருந்து தள்ளியிருக்கலாமேன்னு எனக்கு எப்பவும் தோணும்.

அதனால தனியா போகாதீங்க. ரெண்டு பேரும் பத்தாது. நாலு பேர்னு ஒரு கணக்கு இருக்கு, ஏன்னா ஒருத்தருக்கு அடிபட்டா ஒருத்தர் அவர்கூட இருக்கணும், மீதி ரெண்டு பேர் சேர்ந்து வெளிய போகணும், உதவிக்குப் போறவன் தனியா ஓடி வழி தப்பினா ரெண்டு கேஸ் ஆயிரும். ரொம்ப அதிகமாவும் போகாதீங்க, ஆறு பேருக்கு மேல ஆனா குறுகின இடத்துல நின்னு நின்னு எல்லாருக்கும் குளிர் ஏறிரும்.

இப்ப வெளிய இருக்கறவர். இவர் உங்ககூட வராதவர், வீட்டுல இருக்கறவர், போனை எடுக்கறவர். முக்கியமா, பதட்டப்படாம சொன்னதைச் செய்யறவர். என் ஃப்ரெண்டு ஒருத்தன் ரொம்ப பாசக்காரன், ஆனா "இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம், ரசிச்சிட்டு இருப்பானுங்க"ன்னு இழுப்பான், அவன் இந்த வேலைக்கு ஆக மாட்டான். ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, வாட்ஸ்அப்லயும் அனுப்புங்க: எந்தக் குகை, வாசல் எங்க, வண்டி எங்க நிக்கும், எத்தனை பேர், எந்த வழியா எதுவரைக்கும் போறோம், யாருக்காவது ஆஸ்துமா சுகர் மாதிரி ஏதாவது இருக்கா, எத்தனை மணிக்குள்ள வெளிய வந்துருவோம், எத்தனை மணிக்கு மேல நீ யாரைக் கூப்பிடணும், அந்த நம்பர் என்ன. நீங்க வெளிய வர்ற நேரம் அஞ்சு மணின்னா அலாரம் அடிக்கற நேரத்தை எட்டு மணின்னு வைங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா சும்மா லேட்டானதுக்கே ஊரைக் கூட்டிருவாங்க, இல்லன்னா அவரே பொய்ப் பயம்னு விட்டுருவாரு. எட்டு மணி ஆனா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம போன் போடணும்னு சொல்லி வாக்கு வாங்கிக்கோங்க.

தாய்லாந்துல தம் லுவாங் குகை, 2018 ஜூன் 23, பன்னெண்டு பசங்களும் அவங்க ஃபுட்பால் கோச்சும் உள்ள மாட்டினாங்களே, அவங்க அங்கதான் இருக்காங்கன்னு தேடறவங்களுக்கு உறுதியானது எதனாலன்னு நெனைக்கறீங்க? வாசல்ல விட்டுட்டுப் போன சைக்கிளுங்க. அந்த சைக்கிள் வேலையை உங்க பேப்பர் செய்யும். வண்டியில கண்ணாடிக்கு உள்பக்கமும் ஒரு காப்பி வைங்க.

தண்ணி

அதே தம் லுவாங்லேருந்து இன்னொண்ணு. போறப்ப வழி நடக்கற மாதிரிதான் இருந்துச்சு. மழைக்காலத்துல போகாதீங்கன்னு வாசல்ல போர்டும் இருந்துச்சு, அந்த போர்டுல போட்ட மாசம் வர்றதுக்கு இன்னும் ஒரு வாரம் பாக்கி. மழை காலண்டர் பார்த்து வர்றதில்ல. உள்ள போனவங்க திரும்பறதுக்குள்ள வழி மூழ்கிருச்சு, கண்டுபிடிக்கவே ஜூலை 2 ஆச்சு, கடைசி ஆள் வெளிய வர ஜூலை 10. உலகத்துல இருக்கற நல்ல நல்ல குகை டைவர்ஸ் எல்லாம் வந்தும், காப்பாத்தப் போன ஒரு முன்னாள் கடற்படை வீரர் உசுரைக் குடுக்க வேண்டியதாப் போச்சு.

சுண்ணாம்புப் பாறைக் குகைன்னா அதை தண்ணி தின்னு செஞ்ச பைப்புன்னு நெனைச்சுக்கோங்க. உங்க தலைக்கு மேல வானம் நீலமா இருக்கலாம், ஆனா மலைக்கு அந்தப் பக்கம் பத்து கிலோமீட்டர்ல பெய்யற மழையும் இந்தப் பைப்புக்கே வந்து சேரும், சில மணி நேரம் கழிச்சு. அதனால வெதர் பார்க்கறப்ப குகை வாசல் இருக்கற இடத்தை மட்டும் பார்க்காதீங்க, மேல் பக்கம் முழுக்கப் பாருங்க, முந்தின ரெண்டு மூணு நாள் எவ்ளோ பெஞ்சிருக்குன்னும் பாருங்க. மண்ணு ஏற்கனவே ஊறிப் போயிருந்தா சின்ன மழைக்கே தண்ணி நேரா உள்ள இறங்கிரும். எனக்கு ஒரு ரூல், சந்தேகமா இருந்தா அன்னிக்கு ட்ரிப் கேன்சல், ஆறு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தாலும் கேன்சல். கூட வந்தவங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பாங்க, வெச்சுக்கட்டும்.

உள்ள போனதும் சுவரைப் படிங்க. தலைக்கு மேல இடுக்குல காஞ்ச இலையும் குச்சியும் சொருகிட்டு இருந்தா அது காத்துல பறந்து வரல, வெள்ளம் அந்த உசரம் வரைக்கும் வந்துட்டுப் போயிருக்கு. சுவத்துல ஒரு கோட்டுக்குக் கீழ சேறு படிஞ்சிருந்தா, கூரையில நுரை காஞ்ச தடம் இருந்தா, அதே கதைதான். அப்படி இருக்கற இடத்துல உக்காந்து பிஸ்கட் சாப்பிட்டுட்டு ரெஸ்ட் எடுக்காதீங்க, தாண்டிப் போங்க, இல்ல திரும்பிருங்க. ஓடைத் தண்ணி திடீர்னு கலங்கினா, குச்சி இலை மிதந்து வந்தா, சத்தம் மாறினா, உள்ளேருந்து காத்து குப்புன்னு தள்ளினா, பேச்சே கிடையாது, வெளிய போற வழி பக்கத்துலயே இருந்து, தண்ணியும் இன்னும் ஏறலன்னா உடனே வெளிய. வழி ஏற்கனவே மூடிருச்சுன்னா நீந்தப் பார்க்காதீங்க, இருக்கறதுலயே உசரமான இடத்துக்கு ஏறி, சேத்துக் கோட்டுக்கு மேல, எல்லாரும் ஒட்டி உக்காந்து காத்திருங்க. தம் லுவாங் பசங்க பொழைச்சதும் அப்படித்தான், மேடான ஒரு இடத்துல உக்காந்து, சுவத்துல சொட்டற தண்ணியைக் குடிச்சு.

லைட்டு

ஒரு ஆளுக்கு மூணு லைட். கூட்டத்துக்கு மூணு இல்லைங்க, ஆளுக்கு மூணு. ஒண்ணு ஹெல்மெட்ல, ஒண்ணு அதே தரத்துல ஸ்பேர் ஹெட்லாம்ப், இன்னொண்ணு சின்னதா கழுத்துல தொங்கற மாதிரி. போன் டார்ச்சை இந்தக் கணக்குல சேர்க்காதீங்க, ஈரக் கையில ஸ்கிரீன் வேலை செய்யாது, கீழ விழுந்தா முடிஞ்சுது, அதோட ஒரு கை எப்பவும் அதைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும், குகையில ரெண்டு கையும் பாறைக்கு வேணும்.

என் முதல் முட்டாள்தனம் இங்கதான். மூணு லைட் எடுத்துட்டுத்தான் போனேன், பெருமையா. உள்ள ஒன்றரை மணி நேரம் போனதும் ஹெட்லாம்ப் மங்குச்சு, சரி பேட்டரி மாத்தலாம்னு மூடியைத் திறந்தேன். கையெல்லாம் களிமண், விரல் விறைச்சுப் போயிருக்கு, மூடி ஒரு பக்கம், பழைய பேட்டரி ஒரு பக்கம், புதுசு பைக்குள்ள எந்த அறையில இருக்குன்னு ஞாபகம் இல்ல. பேட்டரியை எடுத்ததும் லைட் அணையும்ங்கறது வீட்டுல உக்காந்து யோசிக்கறப்ப தெரியாத மாதிரி இருந்துச்சு எனக்கு. நல்லவேளை பக்கத்துல இருந்தவன் திரும்பி என் கையில வெளிச்சம் அடிச்சான், அப்பவும் ஸ்பிரிங் பக்கம் எது, ப்ளஸ் எதுன்னு சேத்தைத் துடைச்சுத்தான் பார்க்க வேண்டியிருந்துச்சு. இப்ப என்ன பண்றேன்னா, பேட்டரி மாத்தறதே இல்ல, முதல் லைட் மங்கினா தலையில ரெண்டாவதை மாட்டிட்டு அப்படியே திரும்பிருவேன். வீட்டுல லைட்டை அணைச்சிட்டு, கையை சோப்புத் தண்ணியில முக்கிட்டு, கண்ணை மூடி ஒரு தடவை பேட்டரி மாத்திப் பாருங்க, அப்பறம் சொல்லுங்க.

வாங்கறப்ப லூமன்ஸ், அதான் வெளிச்சத்தோட அளவு, எவ்ளோன்னு பெருசா பார்க்காதீங்க, 200, 300 போதும். எத்தனை மணி நேரம் தாங்கும்னு பாருங்க, தண்ணி தாங்குமான்னு பாருங்க. அதைச் சொல்றதுதான் ஐபிஎக்ஸ் நம்பர்: ஐபிஎக்ஸ் 4ன்னா சாரல் வரைக்கும்தான் தாங்கும், ஐபிஎக்ஸ் 7ன்னா ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம். முடிஞ்சா கூட்டத்துல எல்லாரும் ஒரே சைஸ் பேட்டரி போடற லைட்டா வாங்குங்க.

மத்த சாமான்

இது சீக்கிரம் முடிஞ்சிரும். ஹெல்மெட், மலையேறறவங்க போடறது, தாடையில ஸ்ட்ராப் இருக்கறது. பைக் ஹெல்மெட் வேண்டாம், கழுத்து வலி வந்துரும், சைடுல எதுவும் தெரியாது. தலையில கல்லு விழறதைவிட நீங்களே கூரையில போய் இடிச்சுக்கறதுதான் அதிகம், முதல் மணி நேரத்துல ஒரு இருபது தடவை இடிப்பீங்க. காட்டன், ஜீன்ஸ் ரெண்டும் வேண்டவே வேண்டாம், நனைஞ்சா காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிரும். தண்ணி காத்தைவிட சுமார் 25 மடங்கு வேகமா சூட்டை எடுக்கும்னு சொல்லுவாங்க. குகைக்குள்ள வெப்பம் பெரும்பாலும் அந்தப் பகுதியோட வருஷ சராசரி வெப்பம் எதுவோ அதுதான், வெளிய வெயில் கொளுத்தினாலும் மாறாது. குளிர் ஊர்ல இருக்கற குகைன்னா உள்ள எட்டு பத்து டிகிரிதான், அசையாம உக்காந்தா அரை மணியில பல்லு அடிக்க ஆரம்பிக்கும். பாலியஸ்டரோ கம்பளியோ உள்ள, மேல முழுக்கை முழுக்கால் ஏதாவது தடிமனா. கணுக்காலை மூடற பூட்ஸ், நல்ல பிடிமானம். முட்டி பேட் போட்டுக்கோங்க, மறுநாள் படி இறங்கறப்ப எனக்கு நன்றி சொல்லுவீங்க, போட்டுட்டுப் போங்கன்னு சொன்னதுக்கு.

பையில குடிதண்ணி, நசுங்காத சாப்பாடு, ஃபர்ஸ்ட் எய்ட், விசில், சூட்டைத் தக்க வைக்கற அந்த பளபளா ஷீட் ஆளுக்கு ஒண்ணு, ஒரு பெரிய குப்பை கவர். குப்பை கவர் எதுக்குன்னா, காத்திருக்க வேண்டி வந்தா அதுக்குள்ள பூந்து உக்காரலாம். ஒண்ணுக்குப் போக மூடி டைட்டா இருக்கற ஒரு பாட்டிலும். சிரிக்காதீங்க, உள்ள மழையும் வெயிலும் வந்து கழுவாது, நீங்க விட்டுட்டு வர்றது அங்கயே கிடக்கும். வாட்ச் கட்டாயம், ஏன்னு கீழ சொல்றேன்.

உள்ள போறப்ப

வாசல்ல நின்னு ஒரு நிமிஷம் எல்லாரும் ஒரு விஷயத்தை சத்தமா சொல்லிக்கோங்க: எத்தனை மணிக்குத் திரும்பறோம். எங்க வரைக்கும்ங்கறது ரெண்டாவதுதான், நேரம்தான் முதல்ல. மொத்தம் ஆறு மணி நேரம் வெச்சிருக்கீங்கன்னா ரெண்டு மணி நேரம் உள்ள, ரெண்டு மணி நேரம் வெளிய, ரெண்டு மணி நேரம் கையிருப்பு. குகை டைவர்ஸ் காத்து சிலிண்டருக்கு இந்த மூணுல ஒரு பங்கு கணக்கைத்தான் வெச்சிருக்காங்க. திரும்பறப்ப உடம்பு களைச்சிருக்கும், ஏத்தமா இருந்தா இன்னும் லேட்டாகும். நேரம் ஆனா, இன்னும் பத்தடியில பெரிய மண்டபம் இருக்குன்னு தெரிஞ்சாலும் திரும்பணும்.

உடம்பு சொல்லும், பசி வந்தா தெரியும்னு எல்லாம் நம்பாதீங்க. 1962ல மிஷெல் சிஃப்ர்னு ஒரு பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் கடிகாரம் இல்லாம ரெண்டு மாசம் நிலத்தடியில குகையில இருந்து பார்த்தாரு. செப்டம்பர் 14 அன்னிக்கு வெளிய கூப்பிட்டப்ப அவர் இன்னும் ஆகஸ்ட் 20ன்னு நெனைச்சிட்டு இருந்தாரு, இருபத்தஞ்சு நாள் காணாமப் போச்சு. நமக்கு மூணு மணி நேரத்துல ஒரு மணி நேரம் காணாமப் போறது பெரிய விஷயமே இல்ல. அதனால ஒருத்தர்கிட்ட டைம் பொறுப்பைக் குடுத்திருங்க, அரை மணிக்கு ஒரு தடவை அவர் சத்தமா நேரம் சொல்லணும்.

அடுத்து, திரும்பிப் பார்க்கறது. இது சொல்லித் தராம யாருக்கும் வராது. குகையில போற வழியும் வர்ற வழியும் ஒரே வழின்னாலும் கண்ணுக்கு ரெண்டும் வேற. நீங்க ஒரு சின்ன சந்துலேருந்து பெரிய மண்டபத்துக்குள்ள வந்தீங்கன்னு வைங்க, உள்ள நுழையறப்ப "இந்தச் சந்துதானே"ன்னு தோணும், மண்டபத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்னு திரும்பிப் பார்த்தா சுவத்துல அதே மாதிரி அஞ்சாறு ஓட்டை இருக்கும், எது உங்களோடதுன்னு தெரியாது. என் ரெண்டாவது முட்டாள்தனம் இது. திரும்பறப்ப வந்த சந்தைத் தேடி நாப்பது நிமிஷம் ஒரே மண்டபத்துல சுத்தினோம், கடைசியில பார்த்தா அது எங்க முட்டி உசரத்துல ஒரு பெரிய கல்லுக்குப் பின்னாடி இருந்துச்சு, வர்றப்ப நாங்க தவழ்ந்துதானே வந்தோம், நின்னுக்கிட்டுத் தேடினா எப்படி கண்ணுல படும்?

ஒவ்வொரு பிரிவுலயும் நின்னு, ரெண்டடி முன்னாடி போய், உடம்போட முழுசா திரும்பி, வந்த வழியை ஒரு தடவை நல்லா பாருங்க. அதுக்கு ஒரு பேர் வைங்க, யானைக் காது, உடைஞ்ச பல்லு, என்ன தோணுதோ. போன்ல வெளிய போற திசையைப் பார்த்து ஒரு போட்டோ எடுங்க. கூட வர்றவங்களை மாத்தி மாத்திக் கேளுங்க, "வாசல் எந்தப் பக்கம்?"னு, எல்லாரும் ஒரே பக்கம் கை நீட்டலன்னா அங்கயே நின்னு தீர்த்துட்டுப் போங்க. அடையாளம் வேணும்னா ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டின சின்ன கிளிப், இல்ல கலர் ரிப்பன், ஒரு கல்லுக்கு அடியில. அம்புக்குறி எப்பவும் வாசலைப் பார்த்துத்தான் இருக்கணும், இதுல ஒருத்தர் மாத்தி வெச்சா எல்லாரும் காலி. கடைசியா வர்றவர் எண்ணி எண்ணி எடுத்துட்டு வரணும். வைக்கறது பன்னெண்டுன்னா கையில பன்னெண்டு திரும்பி வரணும். சுவத்துல பெயின்ட், சாக்பீஸ் எதுவும் வேண்டாம், ஏற்கனவே யாரோ போட்ட அம்புக்குறியையும் நம்பாதீங்க, அது எதுக்குப் போட்டதுன்னு உங்களுக்குத் தெரியாது.

நடக்கறப்ப ரெண்டு கை ரெண்டு கால்ல மூணு எப்பவும் பாறையில இருக்கணும். குதிக்காதீங்க. ஒரு மீட்டர் உசரம்தான்னு குதிச்சு கணுக்கால் பிசகினா வெளிய நாலு பேர் தூக்கிட்டுப் போயிரலாம், உள்ள தவழற சந்துல எப்படித் தூக்குவீங்க? 2014ல ஜெர்மனியில ரீசன்டிங் குகையில ஆயிரம் மீட்டர் ஆழத்துல அனுபவசாலி ஒருத்தருக்குத் தலையில கல்லு விழுந்துச்சு, அவரை வெளிய கொண்டு வர பதினோரு நாள் ஆச்சு, எழுநூறு பேருக்கு மேல வேலை செஞ்சாங்க. உங்க குகை அவ்ளோ ஆழம் இல்லதான், ஆனா நீங்க நடந்து ஒரு மணி நேரத்துல வர்ற தூரத்தை ஸ்ட்ரெச்சர் கடக்க பத்து மணி நேரம்கூட ஆகலாம்.

இறுக்கமான சந்து. எனக்குப் பிடிக்காது, உங்களுக்கும் முதல் தடவை வேண்டாம்னுதான் சொல்லுவேன். போகத்தான் போறீங்கன்னா, கீழ்நோக்கி சரியற தெரியாத சந்துல தலையை முதல்ல விடாதீங்க, எப்பவும் கால் முதல்ல. 2009 நவம்பர்ல அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல நட்டி புட்டிங்கற குகையில ஒருத்தர் அப்படித் தலைகீழா மாட்டினாரு, ஒரு நாளுக்கு மேல போராடியும் எடுக்க முடியல, கடைசியில அந்தக் குகையையே மூடி சீல் வெச்சிட்டாங்க. மூச்சை வெளிய விட்டாத்தான் உள்ள நுழைய முடியுதுன்னா அந்த சந்துக்கு நீங்க பெருசு, அவ்ளோதான். மாட்டிக்கிட்டா உதறாதீங்க, உதற உதற உடம்பு இன்னும் இறுகும். அப்படியே தளர விட்டு, நாலு தடவை மெதுவா மூச்சு விட்டு, வந்த மாதிரியே பின்னாடி நகருங்க, துணி எங்க சிக்கியிருக்குன்னு பின்னாடி வர்றவரைப் பார்க்கச் சொல்லுங்க.

காத்தும் வௌவாலும்

வெளிக் காத்துல கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம்தான். காத்தோட்டம் இல்லாத குழியில, இலை தழை மக்கற இடத்துல, இது ஏறும், கனமான வாயுங்கறதால பள்ளத்துல தங்கும். 3 சதவீதத்துல சும்மா நின்னாலே மூச்சு இரைக்கும், தலை வலிக்கும், 10 கிட்டப் போனா மயக்கம்தான். லைட்டர் எரியுதா பாருன்னு சொல்லுவாங்க. அது எரியறதை வெச்சு ஆக்சிஜன் இருக்குன்னு சொல்லலாம், கார்பன் டை ஆக்சைடு எவ்ளோன்னு அது சொல்லாது, ஜம்முன்னு எரியறப்பவே உங்களுக்குத் தலை சுத்தலாம். அதனால உடம்பை நம்புங்க: நின்ன இடத்துல மூச்சு வாங்குதா, காரணம் இல்லாம தலைவலியா, ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கா, விவாதம் பண்ணாம வந்த வழியே மேல ஏறுங்க.

வௌவால் கூட்டமா தொங்கற இடத்துல லைட் அடிக்காதீங்க, சத்தம் போடாதீங்க, முடிஞ்சா போகவே போகாதீங்க. காஞ்ச எச்சத்தூள் மூச்சுல போனா ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ்னு ஒரு பூஞ்சை நோய் நுரையீரலைப் பிடிக்கலாம், அப்படி தூசி பறக்கற குகைன்னா மாஸ்க் போடுங்க, இல்ல குகையை மாத்துங்க. ஆப்பிரிக்காவுல பழம் தின்னி வௌவால் குகைங்க தனி ரகம், 2008ல உகாண்டாவுல ஒரு குகைக்குப் போயிட்டு ஊர் திரும்பின டூரிஸ்ட் ஒருத்தர் மார்பர்க் வைரஸ்ல செத்தே போனாங்க. வௌவால் கடிச்சா, கீறினா, சின்னதா இருந்தாலும் சோப்பு போட்டுக் கழுவிட்டு அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க, ரேபிஸ் விளையாட்டு இல்ல. நம்மாலயும் அதுங்களுக்கு ஆபத்து உண்டு. அமெரிக்காவுல 2006ல முதல்ல தெரிய வந்த வெள்ளை மூக்கு நோய் லட்சக்கணக்குல வௌவாலைக் கொன்னிருக்கு, அந்தப் பூஞ்சை நம்ம துணியில பூட்ஸ்ல ஒட்டி அடுத்த குகைக்குப் போகும்.

தொங்கற சுண்ணாம்புக் கல்லு எதையும் தொடாதீங்க. வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குன்னு வளர்றது, உங்க கையில இருக்கற எண்ணெய்ப் பசை பட்டா அந்த இடத்துல தண்ணி சரியா ஒட்டாது, கறுத்துப் போயிரும்.

வழி தப்பிட்டா

நில்லுங்க. நின்னு உக்காருங்க. ஒரு லைட்டை மட்டும் எரிய விட்டு மத்ததை அணைங்க. தண்ணி குடிச்சிட்டு பத்து நிமிஷம் பேசாம இருங்க, அந்த பத்து நிமிஷத்துலயே பாதிப் பேருக்கு வழி ஞாபகம் வந்துரும். அப்பறம் கடைசியா உறுதியா தெரிஞ்ச இடம் எதுன்னு பேசி, அந்த இடத்தை மையமா வெச்சு ஒவ்வொரு சந்தா போய்ப் பாருங்க, போன சந்து எல்லாத்துக்கும் வாயில அடையாளம் வெச்சிட்டு. பிரியாதீங்க. "நான் போய் பார்த்துட்டு வரேன், நீங்க இங்கயே இருங்க"ன்னு கிளம்பறவனைப் பிடிச்சு உக்கார வைங்க. ரெண்டு தடவை முயற்சி பண்ணியும் கிடைக்கலன்னா அதோட விட்டுட்டு, காஞ்ச இடம், காத்து வராத இடம் பார்த்து ஒட்டி உக்காருங்க, பையை அடியில போட்டு, வெறும் பாறையில உக்காராம. பளபளா ஷீட், குப்பை கவர் எல்லாம் இப்பதான். அப்பப்ப விசில். வெளிய ஒருத்தர் எட்டு மணிக்கு போன் பண்ணுவாருன்னு தெரிஞ்சா இந்த உக்காந்திருக்கற வேலையைச் செய்ய முடியும், அது தெரியலன்னா யாராலயும் சும்மா உக்கார முடியாது, எழுந்து அலைவாங்க, பேட்டரியும் போகும் காலும் போகும்.

யாருக்காவது பேச்சு குழறினா, நடுக்கம் இருந்து திடீர்னு நின்னுட்டா, சம்பந்தமில்லாம எரிஞ்சு விழுந்தா, அது கோவம் இல்ல, உடம்புச் சூடு இறங்குது. ஈரத்துணியை மாத்தி, நடுவுல உக்கார வெச்சு, இனிப்பு ஏதாவது சாப்பிடக் குடுங்க.

வெளிய வந்ததும்

துணி, பூட்ஸ், பை எல்லாத்தையும் அங்கயே சேறு தட்டி தனியா கவர்ல போடுங்க, வீட்டுல 55 டிகிரி சூட்டுத் தண்ணியில இருபது நிமிஷம் முக்கி வெச்சுத் துவைங்க, சூடு தாங்காததை நல்லா கழுவி முழுசா காய விடுங்க. ஆனா அது எல்லாம் அப்பறம். முதல் வேலை அந்த வெளி ஆளுக்குப் போன். சிக்னல் இல்லன்னா சிக்னல் வர்ற இடம் வரைக்கும் வண்டியை ஓட்டிட்டுப் போய்ப் பேசிட்டு மீதியைப் பாருங்க.

ஒரு தடவை நாங்க சரியா அஞ்சு மணிக்கு வெளிய வந்துட்டோம், வானத்தைப் பார்த்த சந்தோஷத்துல போட்டோ, கதை, பூட்ஸ் கழுவறதுன்னு போயிட்டே இருந்துச்சு, வாசல்ல சிக்னல் கிடையாது, யாருக்கும் ஞாபகமும் கிடையாது. கீழ மெயின் ரோட்டுக்கு வந்தப்ப எட்டு இருபது. போன் அடிச்சுது, எடுத்தா அன்னிக்கு வெளி ஆளா இருந்தவ, குரல்ல ஒரு நடுக்கமும் இல்ல, "எட்டு மணிக்கே ரெஸ்கியூவுக்குச் சொல்லிட்டேன், அவங்க கிளம்பிட்டாங்க, இப்ப நீயே பேசி நிறுத்து"ன்னு நம்பரைக் குடுத்துட்டு வெச்சுட்டா. பேசினேன், மன்னிப்பு கேட்டேன், அவங்க திட்டவே இல்ல, அடுத்த தடவையும் இப்படியே எழுதிக் குடுத்துட்டுப் போங்கன்னாங்க. அவதான் இன்னிக்கு வரைக்கும் எங்க வெளி ஆள்.